மீளுருவாக்க வேளாண்மையில் மேற்படிப்பு: தென்னாப்பிரிக்காவில் எங்கே, எப்படித் தொடங்குவது

மீளுருவாக்க வேளாண்மையில், அதாவது ரீஜெனரேட்டிவ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, சாகுபடி செய்துகொண்டே மண்ணின் வளத்தை மீட்கும் அந்த முறையில், எம்.எஸ்சி. செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முதல் வேலையாகப் பல்கலைக்கழக இணையதளங்களில் அந்தப் பெயரைத் தட்டித் தேடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படித் தேடினால் கைக்குப் பெரிதாக எதுவும் சிக்காது. ஆனால் ஆராய்ச்சி நிறையவே நடக்கிறது, மண்ணியல், பயிரியல், புல்நில அறிவியல், நீரியல் என்ற பழைய பெயர்ப்பலகைகளுக்கு உள்ளே நடக்கிறது. அதனால் பட்டத்தின் பெயரை விட்டுவிடுங்கள். எந்த வயலில், எந்தக் கைடிடம், எந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் உட்காரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வர நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இருவருக்கும் விதி மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி முதலில்

மண்ணைக் குறைவாகக் கிளறுவது, எப்போதும் மூடி வைப்பது, பயிரில் பலவகை, ஆண்டு முழுக்க மண்ணுக்குள் உயிருள்ள வேர், வயலோடு கால்நடையைச் சேர்ப்பது. மீளுருவாக்க வேளாண்மையின் கொள்கைகளான இந்த ஐந்தையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். கைடிடம் போய் இதையே ஒப்பித்தால் அவர் மசிய மாட்டார். இந்த ஐந்தில் எது உங்கள் வட்டாரத்தில் இடிக்கிறது என்று பாருங்கள், ஆய்வுக் கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

குவாசுலு நட்டாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்க்வில் பக்கத்துக் கிராமங்களில் மக்காச்சோளம் அறுத்து முடிந்ததும் ஊர் மாடெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடும், அது அங்கே காலங்காலமான உரிமை. குளிர்காலம் முழுக்க மாடு தாளைத் தின்று தீர்த்தால் மூடாக்குக்கு என்ன மிஞ்சும்? மாட்டைத் தடுத்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. நம் ஊரில் ஆட்டுக்கிடை போட்டு வயலுக்கு எருவேற்றியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி சட்டென்று புரியும்: மாடு எடுத்துக்கொள்வது எவ்வளவு, சாணமாகத் திருப்பித் தருவது எவ்வளவு, வேலி போடாமல் ஊர் கூடிப் பேசித் தீர்க்க வழி உண்டா? ஒரு முழு ஆய்வேட்டுக்கான சரக்கு இதற்குள் இருக்கிறது.

இன்னொன்று சுண்ணாம்பு. இந்த மாகாணத்தின் மேட்டு மண்ணில் பெரும்பகுதி புளித்த மண், அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். உழுபவர் சுண்ணாம்பைத் தூவி உழுது கலந்துவிடுவார். உழவே இல்லாத வயலில் மேலே தூவிய சுண்ணாம்பு கீழே இறங்க வருடக்கணக்கில் ஆகும். அப்படியானால் உழவை விடுவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஆழ உழுது சுண்ணாம்பைக் கலந்துவிடலாமா, அதில் இழப்பது எவ்வளவு என்ற கேள்வி கொள்கைப் பேச்சில் வராது, விவசாயிக்கு அதுதான் தலைவலி. குளிர்காலத்தில் மழையே பெய்யாத இடத்தில், மண்ணை மூடி வைக்கவே வளர்க்கும் மூடுபயிருக்கு ஈரம் எங்கிருந்து வரும் என்பதும் இதே ரகம்.

இரண்டு வருடத்தில் எதைக் காட்ட முடியும்

பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது, அதனால் மண்ணில் சேரும் கரிமத்தை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 3,000 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் 1.3 டன் என்று வைத்தால் 3,900 டன். அதில் கரிமம் 2 சதவீதம் என்றால் 78 டன். உங்கள் புது முறையால் ஆண்டுக்கு அரை டன் கரிமம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே நல்ல கூடுதல்தான். இரண்டு ஆண்டில் 1 டன். 78 என்பது 79 ஆகும், 2 சதவீதம் என்பது 2.026 ஆகும். ஒரே பாத்தியில் நான்கு தப்படி தள்ளி மாதிரி எடுத்தாலே இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வரும். ஆக, புதிதாக ஒரு பரிசோதனை போட்டு, இரண்டு வருடத்தில் மண் கரிமம் உயர்ந்ததா என்று பார்க்கும் எம்.எஸ்சி. பெரும்பாலும் 'வேறுபாடு தெரியவில்லை' என்ற ஒற்றை வரியில் முடியும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சீக்கிரம் மாறக்கூடியதை அளப்பது: நீர் உள்ளிறங்கும் வேகம், மண் கட்டியின் உறுதி, நுண்ணுயிர்த் திரள், எளிதில் சிதையும் கரிமம், மண்புழு எண்ணிக்கை. இரண்டாவது, உங்களுக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக யாரோ நடத்திக்கொண்டிருக்கும் வயலுக்குப் போய்ச் சேருவது. தென்னாப்பிரிக்காவுக்கு வந்து படிக்க எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணமே இந்த இரண்டாவது வழிதான்.

டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பி.டி.1 என்று ஒரு பரிசோதனை 1939-இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது, கரும்பில் உலகிலேயே நீண்ட காலப் பரிசோதனை அதுதான். கேள்வி எளிமையானது: அறுவடைக்கு முன் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலையை, எரிப்பதா, எரிக்காமல் வெட்டிச் சோகையை மண்மேல் மூடாக்காகப் போடுவதா, உரம் போட்டும் போடாமலும். எரித்த பாத்திகளைவிடச் சோகை மூடிய பாத்திகளின் மேல்மண்ணில் அங்ககக் கரிமமும் நுண்ணுயிரும் கூடுதல் என்று அங்கிருந்து வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டதிலிருந்து 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், அதில் பெரும்பங்கு கரும்புக்கு. எரிந்த சோகையின் கரியை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வெட்டியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அதே மண்ணின் கரிமத்தை அளக்கப் போகலாம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பகுதியில் வருடா வருடம் எரிக்கும் கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு மண் கட்டி, சோகை மூடிய தோட்டத்திலிருந்து ஒன்று, இரண்டையும் நிழலில் காயவைத்து, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, கம்பி வலைமேல் வைத்து மெதுவாக இறக்கிப் பாருங்கள். எரித்த மண்ணின் கட்டி குமிழி விட்டுக்கொண்டே ஓரங்கள் உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் சேறாகக் குவிந்துவிடும், தண்ணீர் கலங்கிப் போகும். மற்றது சின்னச் சின்ன வேர்நூல்கள் பிடித்துக்கொண்டிருக்க அப்படியே நிற்கும், தண்ணீரும் தெளிவாகவே இருக்கும். மழை விழும்போது வயலில் நடப்பதும் இதுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் உகுலிங்கா பண்ணையில் புல்நிலப் பரிசோதனைகள் 1950-இலிருந்து நடக்கின்றன: எப்போது எரிப்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டினால் என்ன ஆகும் என்று. பக்கத்திலேயே புல்லுக்கு உரமிடும் பரிசோதனை ஒன்றும் உண்டு. தழைச்சத்து போடப் போடப் புல்வகைகளின் எண்ணிக்கை குறைகிறது என்று காட்டிய இடம் அது. மேய்ச்சல் பக்கம் நாட்டம் உள்ளவர்கள் அங்கே போங்கள். கோதுமை, ஆடு, பயிர்ச்சுழற்சி என்றால் கேப் டவுனுக்கு வடக்கே ஸ்வார்ட்லாண்டில் லாங்கெவென்ஸ் ஆராய்ச்சிப் பண்ணை, மேற்கு கேப் வேளாண் துறையுடையது. 1996-இலிருந்து கோதுமையை மட்டும் திரும்பத் திரும்பப் போடும் பாத்திகளையும், கனோலா, லூபின், மெடிக் தீவனம், செம்மறி ஆடு என்று சுழற்றும் பாத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஸ்டெல்லன்போஷ் மாணவர்களுக்கு அது அருகில்.

பல்கலைக்கழகங்களைப் பற்றி இதற்கு மேல் சுருக்கமாகவே சொல்லலாம். நட்டால், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா மூன்றிலும் மண்ணியலும் பயிரியலும் வலுவானவை. ஆலிஸில் உள்ள ஃபோர்ட் ஹேரில் ஈஸ்டர்ன் கேப் சிறு விவசாயிகளோடு பாதுகாப்பு உழவு, அதாவது மண்ணைக் குறைவாகக் கிளறி மூடி வைக்கும் முறை, பற்றிய வேலை நடந்திருக்கிறது. ப்ளூம்ஃபான்டெய்னில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் நிலைத்த வேளாண்மையில் பாடவழி முதுநிலைப் பட்டம் தருகிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அது தோதாக இருக்கும். ஆராய்ச்சிக்குத்தான் வருகிறீர்கள் என்றால் ஆய்வேடு மட்டுமே உள்ள எம்.எஸ்சி.யை எடுங்கள்.

தகுதியும் காகிதமும்

இங்கே மூன்று வருட பி.எஸ்சி. தகுதிச் சட்டகத்தில் 7-ஆம் நிலை, அதற்கு மேல் ஒரு வருட ஹானர்ஸ் 8, மாஸ்டர்ஸ் 9, முனைவர் பட்டம் 10. நான்கு வருட பி.எஸ்சி. அக்ரி 8-ஆம் நிலையில் வரும் என்பதால் நேரே மாஸ்டர்ஸுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் நான்கு வருட பி.எஸ்சி. (வேளாண்மை) முடித்தவர்கள் சாக்கா என்ற தகுதி மதிப்பீட்டு ஆணையத்திடம் பட்டத்தை மதிப்பிட்டு வாங்க வேண்டியிருக்கும், அதை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மூன்று வருட தாவரவியலோ வேதியியலோ படித்தவர்கள் ஹானர்ஸ் வழியாக வரலாம், அது கெட்ட வழி இல்லை, மண்ணியல் அடிப்படையைச் சரியாகப் பிடிக்க ஒரு வருடம் கிடைக்கிறது. படிப்பு விசாவுக்குப் போலீஸ் சான்று, பணம் இருப்பதற்கான ஆதாரம், தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவக் காப்பு எல்லாம் கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தொடங்கினால்தான் பிப்ரவரிக்கு வந்து சேர முடியும்.

கைடுக்கு எழுதுவது

ஆராய்ச்சிப் பட்டத்தில் கைடு சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாத கடிதம் படிக்கப்படாமலே போகும். அவர் சமீபத்தில் எழுதிய கட்டுரை இரண்டைப் படியுங்கள். பிறகு எட்டுப் பத்து வரி போதும்: நான் யார், என்ன படித்தேன், உங்கள் அந்த வேலையில் இந்த முடிவைப் பார்த்தபின் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது, அதை அந்த வயலில் இப்படி அளக்கலாம் என்று நினைக்கிறேன், எனக்கு இன்ன ஆய்வகப் பழக்கமும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இவ்வளவு பழக்கமும் உண்டு, பணத்துக்கு இதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன், உங்கள் திட்டத்தில் இடம் இருக்கிறதா. மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. இங்கே பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் அதிகம். நமக்குக் கூச்சமாக இருக்கும், அவரே சொல்லும் வரை 'புரொஃபசர்' என்றே எழுதுங்கள்.

அவர் மாணவர்களில் ஒருவரிடமாவது தனியாகப் பேசிவிடுங்கள். வாரம் ஒருமுறை சந்திப்பாரா, வண்டி கிடைக்குமா, மாதிரிப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பும். இந்த நான்கையும் கேட்டுவிட்டால் அடுத்த இரண்டு வருடம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

பணம்

குடிமக்களும் நிரந்தர வசிப்பிட உரிமை உள்ளவர்களும் முதலில் பார்க்க வேண்டியது என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை. வயது வரம்பு உண்டு, விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வண்டி போய்விடும். நீர் ஆராய்ச்சி ஆணையம் பணம் தரும் திட்டங்களில் மாணவர் உதவித்தொகையையும் சேர்த்தே வைத்திருப்பார்கள், மழைநீர் மண்ணில் இறங்குவதைப் பற்றிய தலைப்பு என்றால் கைடிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். வேளாண் துறைத் திறன் பயிற்சி அமைப்பான அக்ரிசேட்டா, வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டிலும் வாய்ப்பு வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கு என்.ஆர்.எஃப்.-இல் இடம் மிகக் குறைவு, கைடின் திட்டப் பணமே பெரிய வழி. ஆய்வுச் செலவையும் வாழ்க்கைச் செலவையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள், உதவித்தொகை கிடைத்தும் மண் பரிசோதனைக்குப் பணமில்லாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

பருவத்தைப் பார்த்து நாளை எண்ணுங்கள்

கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கும். நட்டாலில் மக்காச்சோளம் விதைப்பது அக்டோபர், நவம்பரில், அறுப்பது அடுத்த மே, ஜூனில். ஆக இரண்டு வருட எம்.எஸ்சி.யில் உங்களுக்குக் கிடைப்பது முழுசாக ஒரே ஒரு பருவம். முதல் ஏழெட்டு மாதத்துக்குள் ஆய்வு முன்மொழிவு, நெறிமுறைக் குழு அனுமதி, விதைப்புக்கு முந்தைய அடிப்படை மாதிரி எல்லாம் முடிந்திருக்க வேண்டும், தவறினால் ஒரு வருடம் தண்டம். மேற்கு கேப்பில் தலைகீழ்: மழை குளிர்காலத்தில், விதைப்பு ஏப்ரல் கடைசியில், அறுவடை அக்டோபர், நவம்பரில். பிப்ரவரியில் சேர்ந்து அந்த ஏப்ரலையே பிடிப்பது கஷ்டம், அதனால் ஏற்கனவே நடக்கும் பரிசோதனையில் சேருவது அங்கே இன்னும் முக்கியம்.

விவசாயிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாலும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அதற்கு நிலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் கடிதம் வேண்டும். நட்டாலின் ஊரகப் பகுதியில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர், சூலு மன்னரைப் பொறுப்பாளராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இன்கோசி என்ற மரபுத் தலைவரிடமும், அவருக்குக் கீழே அந்தப் பகுதியைப் பார்க்கும் இன்டுனாவிடமும் போய் முறையாகச் சொல்லாமல் ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது. அவசரத்தில் ஒரு காலையில் முடித்துவிடும் வேலை இது இல்லை, கூட்டம் கூடும் நாள் வரை காத்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவரை 'பாபா' என்றும் பாட்டியை 'கோகோ' என்றும் அழைத்து, முதலில் நலம் விசாரித்து, யார் மகன், எந்த ஊர் என்பதற்குப் பதில் சொல்லி, அப்புறம்தான் வந்த காரியம். நம்ம ஊரில் தாத்தா பாட்டியிடம் பழகியவர்களுக்கு இது கையோடு வரும். அவர்கள் பேசும் இசிசூலு மொழியில் அடிப்படையாவது கற்றுக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் 'ஆமாம்' மட்டும்தான் வரும், 'ஏன்' வராது. முடிவு வந்தபின் அதே ஊருக்குத் திரும்பப் போய் என்ன கண்டோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை, அதனால்தான் அடுத்து வரும் மாணவருக்குக் கதவு திறப்பதில்லை.

புல்நிலத்தில் வேலை என்றால் முழுக்கால் சட்டை, காலுறைக்குள் கால்சட்டை நுனி, மாலையில் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். உண்ணிக் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். கார் ஓட்டத் தெரியாமல் வயல் வேலை நடக்காது, உரிமம் எடுத்துவிட்டு வாருங்கள், இங்கேயும் இடப்பக்கம்தான்.

அளக்கும்போது

மேல் 10 சென்டிமீட்டரை மட்டும் எடுத்து, உழாத வயலில் கரிமம் கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். உழுத வயலில் அதே கரிமம் கலப்பை புரட்டி 20, 30 சென்டிமீட்டரில் இருக்கக்கூடும். குறைந்தது 30 வரை, முடிந்தால் 60 வரை அடுக்கடுக்காக எடுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் மண்ணின் பருமன் அடர்த்தியையும், அதாவது ஒரு கன அளவு மண்ணின் எடையையும், அளக்க வேண்டும், ஏனென்றால் உழாத மண் மேலே கொஞ்சம் இறுகும், அதே ஆழத்தில் அதிக மண் இருக்கும், கரிமமும் அதிகம் இருப்பதுபோலத் தெரியும். ஒரே எடையுள்ள மண்ணுக்கு மாற்றிக் கணக்கிட்டால் அந்தப் பொய்யான கூடுதல் போய்விடும். எரித்த நிலத்தில் கரித்துண்டும் இயந்திரத்தில் கரிமமாகவே பதிவாகும், கரூ போன்ற வறண்ட பகுதியில் மண்ணிலுள்ள சுண்ணாம்புக் கரிமத்தை அமிலத்தால் நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இந்த நான்கையும் முறையியல் அத்தியாயத்தில் தெளிவாக எழுதினால் தேர்வாளர் பாதிக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

மேய்ச்சல் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. மந்தையை நெருக்கமாக ஓட்டிக் கொஞ்ச நேரம் மேய்த்து நீண்ட ஓய்வு கொடுப்பதைப் பற்றி இங்கே அறுபது வருடமாக வாதம் நடக்கிறது. இந்நாட்டில் மாடு குறைவு, மேய்ச்சல் அழிவோ அதிகம் என்ற கருத்தை வைத்தவர் தாவரவியலாளர் ஜான் ஏக்காக்ஸ். ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி அந்தத் திசையில் இன்னும் தூரம் போனார். புல்நில ஆய்வாளர்கள் பலர் தரவு அதை ஆதரிக்கவில்லை என்கிறார்கள், அதைப் பின்பற்றும் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு வராதீர்கள். மந்தையின் அளவு, ஓய்வு நாள், மழை மூன்றும் ஒன்றாக மாறும் வயலில் எது எதைச் செய்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் கஷ்டம், அதைப் பிரிக்கும் ஆய்வுத் திட்டத்தோடு வந்தால் இரண்டு தரப்பும் உங்களைத் தன் நிலத்துக்குள் விடும்.

படிக்கும்போதே குவாசுலு நட்டாலின் உழவில்லா விவசாயிகள் சங்கக் கூட்டங்களுக்குப் போய்வாருங்கள். மேடைப் பேச்சைவிட இடைவேளையில் விவசாயிகள் ஒருவருக்கொருவர் விதைப்பு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள், அடுத்த ஆய்வுக் கேள்வி அதில் வரும். பட்டம் வாங்கியதும் சாக்நாஸ்ப் என்ற இயற்கை அறிவியல் தொழில்முறை மன்றத்தில் பதிவு செய்யுங்கள், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண் விஞ்ஞானி என்ற முறையில் தொழில் செய்ய அந்தப் பதிவு தேவை. ஹானர்ஸ் முடித்ததுமே பயிற்சிநிலைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பின் நீங்கள் செய்யும் வேலையெல்லாம் அனுபவக் கணக்கில் சேரும் என்பதால் எம்.எஸ்சி. வயல் குறிப்புகளைத் தேதி போட்டு, கைடின் கையெழுத்தோடு பத்திரமாக வைத்திருங்கள்.